தூத்துக்குடியில் கன்டெய்னர் பெட்டி ஏறும் முன்: புதிய ஏற்றுமதியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர், வாடிப்பட்டி, சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து காயர் பித் (தேங்காய் நார்த்தூள்), மிளகாய் எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கும் இளைஞர்கள் மதுரையில் என்னைப் பார்க்க வரும்போது தங்கள் கொட்டேஷனைக் காட்டுவார்கள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகள் அதில் இருக்கும். ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண் எடுப்பது, ஏ.டி. கோடு என்ற வங்கிக் குறியீட்டைச் சுங்கத்தில் பதிவது போன்றவற்றை ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்றைய கப்பல் வாடகையை இரண்டு மாதத்துக்கு நம்புவது

எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருப்பது இதுதான். ராட்டர்டாமில் இருக்கும் வாங்குபவர், "எங்கள் துறைமுகம் வரை சேர்த்து விலை சொல்லுங்கள்" என்பார். புதியவர் கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டரிடம் அன்றைய வாடகையைக் கேட்டு, சரக்கு விலை, காப்பீட்டோடு கூட்டி, சி.ஐ.எஃப். (சரக்கு, காப்பீடு, வாடகை மூன்றும் சேர்ந்த) விலையாக எழுதி, இரண்டு மாதம் செல்லும் என்று ஒப்புக்கொண்டுவிடுவார். ஃபார்வர்டர் சொன்ன வாடகையோ பெரும்பாலும் அந்த மாதக் கடைசி வரை, சில சமயம் பதினைந்து நாள்தான். அதற்குப் பிறகு ஏறுவதெல்லாம் விற்பவர் தலையில்.

2023 இறுதியில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பித் கட்டிகளுக்கு இப்படித்தான் ஆர்டர் எடுத்தார். "கச்சா எண்ணெய் இறங்குதுண்ணே, வாடகை ஏறாது" என்றார். எண்ணெய் இறங்கியது உண்மை. செப்டம்பரில் பீப்பாய் 90 டாலரைத் தாண்டியிருந்த பிரென்ட் கச்சா எண்ணெய், டிசம்பரில் 80 டாலரை ஒட்டி வந்துவிட்டது. ஆனால் நவம்பரில் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியிருந்தார்கள். டிசம்பர் நடுவில் பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியை விட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. பயணம் பத்து நாள் போல நீண்டது. எரிபொருள் கூடுதலாக எரிந்தது. கப்பல்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஐரோப்பாவுக்கான வாடகை சில வாரங்களில் மடங்குக் கணக்கில் ஏறிவிட்டது.

மிளகாய் என்றால் ஓரளவு தாங்கும். பித் இடத்தை அடைக்கும், விலையோ குறைவு. வாடகை ஏறினால் சரக்கின் விலையையே தாண்டிவிடும். வாங்குபவர் ஒரு டாலர்கூட ஏற்றித் தரவில்லை. தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றிச் சரக்கை அனுப்பினார். வீட்டு நகை அடகுக்குப் போனது.

எண்ணெய் விலையைக் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் அது வாடகையில் பங்கர் சர்சார்ஜ் என்ற எரிபொருள் கூடுதல் கட்டணம் வழியாகத்தான் வந்து சேரும். பல நிறுவனங்கள் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றுகின்றன. அதோடு, 2020 ஜனவரியிலிருந்து கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி இருப்பதால், பெரும்பாலான கப்பல்கள் விலை கூடிய எண்ணெயில் ஓடுகின்றன. டிவியில் பிரென்ட் விலையைப் பார்த்து வாடகையை ஊகிக்க முடியாது.

சரி, என்ன செய்யலாம்? முடிந்தவரை தூத்துக்குடி எஃப்.ஓ.பி. விலை, அதாவது அங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான விலை மட்டும் சொல்லுங்கள். வாங்குபவர் பிடிவாதம் பிடித்தால் சரக்கு விலையைத் தனியாகவும் வாடகையைத் தனியாகவும் எழுதி, "வாடகை, சர்சார்ஜ் இரண்டும் பெட்டி ஏறும் நாளில் உள்ளபடி" என்ற வரியைச் சேருங்கள். அதற்கு ஒப்பாத ஆர்டரை விடுங்கள், நஷ்டமில்லை. ஃபார்வர்டரிடமும் சர்சார்ஜ் எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். தூத்துக்குடியிலிருந்து பல பெட்டிகள் கொழும்பு போய்த்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அந்தச் செலவும் அதில் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

மிளகாயைச் சோதிக்காமல் ஏற்றுவது

ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய்க்கு அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சின் வரம்பு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராம், அதில் பி1 வகை மட்டும் 5. ஈரம் போகாத வற்றல் இதில் தேறாமல் போகலாம். பெட்டி அங்கே போய்த் திரும்பி வருவதைவிட இங்கே லேப் செலவு மிகக் குறைவு.

மர பேலட்

சரக்கை அடுக்கும் மரத்தட்டில், பூச்சி பரவாதபடி மரம் பதப்படுத்தப்பட்டதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இல்லாவிட்டால் ஏற்றாதீர்கள்.

கடனுக்கு அனுப்புவது

வாங்குபவர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் இ.சி.ஜி.சி. (அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) பாலிசி இல்லாமல் வேண்டாம்.

எல்.சி.யைப் படிக்காமல் கோப்பில் வைப்பது

எல்.சி. என்பது, கேட்ட ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம். அதில் சரக்கின் விவரம் எப்படி இருக்கிறதோ, அதற்கு முரணாக இன்வாய்ஸில் ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. எல்.சி. வேறு கெடு சொல்லாவிட்டால், பெட்டி ஏறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்கள் வங்கியில் இருக்க வேண்டும், எல்.சி. அதற்கு முன்பே காலாவதியானால் அந்தத் தேதிதான் கெடு. கப்பல் கிளம்பிய மறுநாளே, சரக்கு ஏறியதற்கான ரசீதான பி.எல். கேட்டு ஃபார்வர்டருக்குப் போன் போடுங்கள்.