பழைய மாருதி வாங்குகிறீர்களா? 2010-ஐக் கோடாக வையுங்கள்

ஆல்டோவா, வேகன் ஆரா, ஸ்விஃப்டா என்று உறவினர்கள் கேட்கும்போது, "எந்த வருடத்து வண்டி?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். புதிய வேகன் ஆரும் ஆல்டோ கே10-உம் 998 சிசி எஞ்சினோடு வந்தது 2010-இல். பெட்ரோல் ஸ்விஃப்ட் 1.3 லிட்டரை விட்டு 1.2 லிட்டருக்கு மாறியதும் அதே ஆண்டில்தான். இந்தப் புதிய எஞ்சின்களில் டைமிங் செயின் (எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலி) உண்டு. முந்தைய பெட்ரோல் எஞ்சின்களில் அந்த வேலையைச் செய்வது பெல்ட்; அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். 2012-இல் வந்த ஆல்டோ 800 பார்வைக்குத்தான் புதிது, எஞ்சின் அதே பழைய 796 சிசி, ஆகவே அதிலும் பெல்ட்தான்.

எங்கள் வீட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது 2011 வேகன் ஆர். அம்மாவுக்கு மூட்டுவலி. ஸ்விஃப்டில் குனிந்து இறங்கி உட்கார வேண்டும். வேகன் ஆரில் நாற்காலியில் அமர்வதுபோல அமர்ந்துவிடுகிறார். ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கு ஸ்விஃப்ட் நல்ல வண்டி. ஆனால் கடைவீதிக்கும் கோயிலுக்கும் மட்டும் போகிறவர்கள் டீசல் ஸ்விஃப்டைத் தேடி அலைய வேண்டாம்.

சென்னையில் வாங்கினால் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்காதீர்கள். ஒரு வண்டி மெழுகு பூசி மின்னியது. சீட் பெல்ட்டை மெல்ல இழுத்தேன். முதல் இரண்டு அடி கறுப்பாக, சுத்தமாக இருந்தது; கடைசிவரை இழுத்ததும் காய்ந்த சேற்றின் மஞ்சள் கோடு தெரிந்தது. சீட்டுக்கு அடியில் கைவிட்டேன், சீட் நகரும் தண்டவாளம் முழுக்கத் துரு. விற்பவர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. எந்த வண்டியாக இருந்தாலும் இந்த இரண்டையும் செய்யுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித்தகட்டில், விபத்தில் அடிபட்டுச் சரிசெய்ததைக் காட்டும் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். பானட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் அந்த எஞ்சின் ஆயில் குடிக்கிறது.

கடைசியாக ஆர்.சி. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும். பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கியிருந்தால், புதுப்பித்துத் தரும் பொறுப்பு விற்பவருடையது என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.