சுவான்சோவுக்கு முதல் பயணம்: பாதி வேலையை வீட்டிலேயே முடியுங்கள்

பெய்ஜிங், ஷாங்காயில் தடுமாறி நின்றால் ஆங்கிலம் தெரிந்த யாராவது அகப்படுவார்கள். சீனாவின் ஃபூஜியான் மாகாணக் கடற்கரையில் இருக்கும் சுவான்சோவில் அதை நம்பிப் போகாதீர்கள். மெட்ரோவும் கிடையாது. விடுதி வரவேற்பில்கூட போனை நீட்டி, மொழிபெயர்ப்புச் செயலியில்தான் பேசுவார்கள். அதனால் போன் சரியாக இருந்தால் ஊர் சுலபம். இல்லையென்றால் ஒரு டீ வாங்குவதுகூடப் பாடுதான்.

படி 1: பணம்

சீனாவில் போனிலேயே பணம் கட்ட உதவும் அலிபே செயலியை இறக்கி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றை இணையுங்கள். இந்தியக் கார்டு என்றால் முதலில் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை 'ஆன்' செய்ய வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். கார்டை இணைக்கும்போது ஓடிபி வரும். அங்கே போய் இறங்கி, ரோமிங் இல்லாத சிம்மை வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்பது கொடுமை.

கடையில் பணம் கட்ட இரண்டு வழி. பெரிய கடை என்றால் உங்கள் போனில் தெரியும் குறியீட்டை அவர்களே ஸ்கேன் செய்துகொள்வார்கள். தள்ளுவண்டி, நூடுல்ஸ் கடை என்றால் அங்கே ஒட்டியிருக்கும் அட்டையை நீங்கள் ஸ்கேன் செய்து, தொகையை அடித்து, கடைக்காரரிடம் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும். உடனே ஓரத்தில் இருக்கும் சின்னப் பெட்டி 'இத்தனை யுவான் வந்தது' என்று சீனத்தில் கத்தும். நம்மூர் பெட்டிக்கடையில் கேட்கும் அதே சத்தம்தான்.

200 யுவானைத் தாண்டும் பில்லுக்கு வெளிநாட்டுக் கார்டில் 3% கட்டணம் பிடிப்பார்கள். சின்னத் தொகைக்கு இல்லை. போன் சார்ஜ் இறங்கினால் கைகொடுக்க 300 யுவான் நோட்டாக வைத்திருங்கள்.

படி 2: இணையம்

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் சீன இணையத்தில் திறக்காது. உங்கள் ஊர் சிம்மின் ரோமிங் பேக்கிலோ, பயண இ-சிம்மிலோ போனால் திறக்கும். விடுதி வைஃபையில் திறக்காது. வழி பார்க்க ஆமேப் செயலி. டாக்சிக்கு அலிபேக்கு உள்ளேயே டிடி என்ற டாக்சிச் சேவை இருக்கிறது. போகிற இடத்தை அதில் குறித்துவிட்டால் ஓட்டுநரிடம் பேசவே வேண்டாம்.

படி 3: தங்குமிடம்

விடுதியில் உங்கள் பாஸ்போர்ட்டைப் போலீஸ் பதிவில் ஏற்றுவார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களோ அவரோ காவல்துறையில் பதிய வேண்டும். வெளிநாட்டவர் என்று சொல்லி விடுதிகள் மறுக்கக் கூடாது என்று 2024-ல் அரசே அறிவித்தது. ஆனாலும் ஒரு சின்ன விடுதியில் என்னை முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். மறுக்கவில்லை, பாஸ்போர்ட்டைப் பதியத் தெரியவில்லை, அவ்வளவுதான். அறை எடுக்கும் முன்பே, வெளிநாட்டு பாஸ்போர்ட்டைப் பதியத் தெரியுமா என்று ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

படி 4: ரயில்

பக்கத்து நகரமான ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம் சொச்சம். சீன ரயில்வேயின் 12306 செயலியில் 15 நாள் முன்பே டிக்கெட் எடுக்கலாம். 'சுவான்சோ' என்று மட்டும் பெயருள்ள நிலையத்துக்கு எடுங்கள். கிழக்கு, தெற்கு என்று ஒட்டு இருப்பவை பழைய நகரத்திலிருந்து தள்ளி இருக்கின்றன. தனியாக டிக்கெட் தாள் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கிக் கதவு அதைப் படிக்காவிட்டால் பதறாமல் ஆள் நிற்கும் வழிக்குப் போங்கள். அந்த வழியின் பலகையில், கால் அகட்டி நிற்கும் ஆள் போன்ற சீன எழுத்து முதலில் இருக்கும்.

விடுமுறைக் கூட்டம் அலைமோதும் அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் வேண்டவே வேண்டாம்.

படி 5: சாப்பாடு

சைவர்களுக்கு இது கஷ்டமான ஊர். காய்கறி என்று வருவதிலும் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சாறோ இருக்கும். 'வோ ச்சி சூ' (நான் சைவம்) என்பதைச் சீன எழுத்திலேயே போனில் படமாக வைத்துக் காட்டுங்கள். கடற்பாசியில் செய்யும் ஷிஹுவாகாவ் என்ற குளிர்ந்த ஜெல்லி வெயிலுக்கு அமிர்தம். அசைவர்களுக்குச் சிப்பி ஆம்லெட். பல கழிப்பறைகளில் தாள் இருக்காது, பையில் டிஷ்யூ வையுங்கள்.

படி 6: காய்யுவான் கோயில்

இதற்காகத்தான் நான் போனேன். 686-ல் தொடங்கிய பௌத்தக் கோயில். எல்லோரும் இரண்டு கல் கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். அங்கே இரண்டு கல்தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கியிருப்பார்கள். 13-ம் நூற்றாண்டில் இந்த ஊரில் தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இங்கே கிடைத்திருக்கிறது. அவர்கள் காலத்துக் கோயில் இடிந்தபின் அதன் கற்கள்தான் இப்படி இடம் மாறின. சிற்பங்கள் சிறியவை, நிழலில் இருக்கும். போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் புடைப்பு தெளிவாகத் தெரியும்.