டிக் மார்க்கை எண்ணி டூரிங் பைக் வாங்காதீர்கள்

நெடுந்தூரத்தை வேகமாகவும் வசதியாகவும் கடக்க உதவும் ஸ்போர்ட் டூரிங் பைக் வாங்க நினைக்கும் நண்பர்கள் எனக்கு அனுப்புவது பெரும்பாலும் ஒரே மாதிரியான அட்டவணைதான். மேலே நான்கு பைக்குகளின் பெயர், இடப்பக்கம் வசதிகளின் பட்டியல், நடுவில் டிக் மார்க். எதில் டிக் அதிகமோ அதுதான் வெற்றி. கார்னரிங் ஏபிஎஸ்ஸுக்கு ஒரு டிக், ஃபோனில் பாட்டு மாற்றும் வசதிக்கும் அதே ஒரு டிக். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

நான் பார்க்கும் விதம் வேறு. காலையில் கிளம்பியாயிற்று, இப்போது எட்டாவது மணி நேரம், மழை வேறு பிடித்துக்கொண்டது, மணிக்கட்டும் தோளும் கெஞ்சுகின்றன. அந்த நேரத்தில் இந்த வசதி எனக்கு என்ன செய்யும்? ஒவ்வொரு டிக்கிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள், பாதி உதிர்ந்துவிடும்.

உதிராமல் நிற்பதில் முதலாவது கார்னரிங் ஏபிஎஸ், அதாவது வளைவில் பைக் சாய்ந்திருப்பதையும் கணக்கில் எடுக்கும் ஏபிஎஸ். "ஏபிஎஸ்தான் எல்லாவற்றிலும் இருக்கிறதே" என்று கடந்துபோகிறவர்கள் அதிகம். 1988இல் பிஎம்டபிள்யூ கே100இல் வந்த காலத்திலிருந்து சாதாரண ஏபிஎஸ்ஸின் வேலை ஒன்றுதான்: சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. பைக் சாய்ந்திருக்கிறதா, நேராக நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. வளைவில் டயரின் பிடிமானத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே திரும்புவதற்குச் செலவாகிக்கொண்டிருக்கும். அப்போது பதறி பிரேக்கைப் பிடித்தால் பைக் நிமிர்ந்து வளைவுக்கு வெளியே ஓடப் பார்க்கும், இல்லையென்றால் முன்சக்கரம் வழுக்கும். கார்னரிங் ஏபிஎஸ்ஸில் ஐஎம்யூ என்ற சென்சார் மூன்று திசை முடுக்கத்தையும் மூன்று அச்சு சுழற்சியையும் அளந்து சாய்வைக் கணக்கிடுகிறது. அதற்கேற்ப ஏபிஎஸ், பிரேக் அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறலாம் என்று கட்டுப்படுத்துகிறது. பாஷ் நிறுவனத்தின் இந்த ஏற்பாடு 2013இல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் வந்தது.

இதில் ஏமாறுவது சுலபம். சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-எஸ்1000ஜிடி அறிமுகமானபோது ஏபிஎஸ், பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும் குயிக்‌ஷிஃப்டர், வேகத்தைத் தானே நிலையாக வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோல், வண்ணத் திரை எல்லாம் இருந்தன, ஐஎம்யூ இல்லை. யமஹா டிரேசர் 9 ஜிடியில் ஆறு அச்சு ஐஎம்யூ இருந்தது. அட்டவணையில் இரண்டுக்கும் "ஏபிஎஸ்: உண்டு, டிராக்‌ஷன் கன்ட்ரோல்: உண்டு" என்றுதான் வரும். சுஸுகி மோசம் என்று சொல்லவரவில்லை, அந்த இன்ஜின் ஒரு தங்கம். ஆனால் இரண்டு டிக்கும் ஒரே டிக் இல்லை.

அப்புறம் ரேடார். முன்னால் போகும் வண்டியின் தூரத்தைப் பார்த்து குரூஸ் கன்ட்ரோலின் வேகத்தைத் தானாகக் குறைக்கவும் கூட்டவும் உதவுவது. முன்னும் பின்னும் ரேடார் வைத்து விற்பனைக்கு வந்த முதல் பைக் டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4. பிறகு பிஎம்டபிள்யூ ஆர்1250ஆர்டி, கவாசாகி எச்2 எஸ்எக்ஸ் எஸ்இ, டிரேசர் 9 ஜிடி+ எல்லாம் ஏதாவது ஒரு வடிவத்தில் ரேடாரைக் கொண்டுவந்தன. இருக்கட்டும். அது தானாக பிரேக் போட்டு நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நம்பி வாங்குவது தவறு. டுகாட்டியில் அது வேலை செய்யும் வரம்பு மணிக்கு 30 முதல் 160 கிலோமீட்டர். நெரிசலில் ஊர்ந்து போகும்போது உதவாது. சாலையில் நின்றுகொண்டிருக்கும் லாரிக்கு அதை நம்பக் கூடாது. அகன்ற நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடுபவருக்கு அது சுகம்தான். மலைப்பாதைக்காக பைக் வாங்குபவருக்குச் சாதாரண குரூஸ் கன்ட்ரோலே போதும். வலது மணிக்கட்டுக்குக் கிடைக்கும் நிம்மதியில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடுகிறது.

எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டனை அழுத்தி இறுக்கத்தை மாற்றிக்கொள்வது ஒன்று; ஓடும்போதே சாலைக்கேற்பத் தானாக மாறிக்கொண்டே இருக்கும் செமி-ஆக்டிவ் வேறொன்று. இன்று தனியாக, நாளை பின்னால் ஒருவரும் இரண்டு பெட்டிகளும் என்று மாறி மாறிப் போகிறவருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று கொடுத்த காசுக்கு உண்மையிலேயே தகும். எப்போதும் தனியாகப் போகிறவர் முதலில் ஒரு ஸிப் டை (கட்டி இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை) வாங்கட்டும். அதை முன் ஃபோர்க் குழாயில் கட்டி, ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரியும். ஃபோர்க் மொத்தம் 120 மில்லிமீட்டர் அமுங்கும் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்தால் நல்லது. வராவிட்டால் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பல பைக்குகளின் "மோசமான சஸ்பென்ஷன்" இந்தப் பத்து நிமிட வேலையில் சரியாகிவிடும். வாரண்டி முடிந்தபின் செமி-ஆக்டிவ் ஷாக் பழுதானால் என்ன செலவு என்பதையும் வாங்கும்முன்பே கேட்டுவிடுங்கள்.

குதிரைத்திறனைப் பற்றி ஒரே ஒரு ஒப்பீடு. எச்2 எஸ்எக்ஸில் 200, ஆர்1250ஆர்டியில் 136. ஆனால் டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசையைப் பாருங்கள்: கவாசாகியில் 137 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 8,500 சுற்றில், பிஎம்டபிள்யூவில் 143, 6,250 சுற்றிலேயே. பெட்டிகளோடு ஆறாவது கியரில் லாரியைத் தாண்டும்போது கையில் தெரிவது இந்த இரண்டாவது கணக்கு.

பலர் பார்க்கவே பார்க்காத எண் சுமை வரம்பு. அனுமதித்த மொத்த எடையிலிருந்து பெட்ரோல் நிரப்பிய பைக்கின் எடையைக் கழித்தால் வருவது அது. ஆர்1250ஆர்டியில் 505 கழித்தல் 279, அதாவது 226 கிலோ. எல்லா பைக்கும் இவ்வளவு தாராளம் இல்லை. வரம்பு 195 என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து நீங்கள் 90, பின்னால் இருப்பவர் 70, காலிப் பெட்டிகளும் அவற்றின் சட்டமும் 12. மிச்சம் 23 கிலோ. இரண்டு பேரின் ஒரு வாரத் துணிமணி, மழைக்கோட்டு, கருவிகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பராமரிப்பும் தொழில்நுட்பம்தான், ஆனால் பளபளப்பதில்லை என்பதால் டிக் கிடைப்பதில்லை. மல்டிஸ்ட்ராடா வி4இல் டுகாட்டி, ஸ்பிரிங் இல்லாமலே வால்வை மூடும் தன் பழைய டெஸ்மோ ஏற்பாட்டை விட்டுவிட்டு ஸ்பிரிங் வால்வுக்கு மாறியது. வால்வ் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) பார்ப்பது 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றானது. என்னைக் கேட்டால் அந்த பைக்கில் ரேடாரைவிட இதுதான் பெரிய விஷயம். செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் டிரைவும் அப்படித்தான். தினமும் 600 கிலோமீட்டர் ஓட்டி, இரவில் குனிந்து செயினுக்கு எண்ணெய் விட்டவருக்கு அதன் மதிப்பு புரியும்.

சில வசதிகள் பைக்கோடு வருவதுபோல் தோன்றும், வராது. கேடிஎம் தன் சில மாடல்களில் முதல் 1,500 கிலோமீட்டர் வரை எல்லா மென்பொருள் வசதிகளையும் திறந்துவிட்டது. அதன்பின் வேண்டியதற்குத் தனியாகக் காசு கேட்டது. டெஸ்ட் ரைடில் பிடித்துப்போனது விலையில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் ரைட் என்றதும் என் கதை ஒன்று. பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, மின்சாரத்தில் ஏறி இறங்கும் விண்ட்ஷீல்டைப் பார்த்து மயங்கினேன். பிறகு அதே மாடலை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். ஷீல்டை மேலே ஏற்றினால் காற்று அதன் விளிம்பில் உடைந்து ஹெல்மெட்டைக் குலுக்கியது. இரண்டு மணி நேரத்தில் தலைவலி. முழுக்க இறக்கியதும் நெஞ்சில் காற்று அடித்தது, ஆனால் தலைக்கு வந்த காற்று சுத்தமாக, சலனமில்லாமல் வந்தது. ஷீல்டை ஏற்றி இறக்கும் அந்த மோட்டாரை அதன்பின் நான் தொடவே இல்லை.

ஷோரூமுக்குப் போகும்போது மழைக்கால கையுறையை எடுத்துப்போங்கள். அதை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல், கைப்பிடியைச் சூடாக்கும் வசதியில் சூட்டை ஒரு படி ஏற்ற முயலுங்கள். மூன்று மெனுவுக்குள் நுழைய வேண்டியிருந்தால் அந்த டிக்கை அங்கேயே அழித்துவிடலாம்.