டிராகன் பொம்மை பின்னும்போது கோட்டைவிடும் இடங்கள்

கோயில் தூண்களில் யாளியைப் பார்த்து வளரும் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பிதுங்கிய கண்ணும் பிளந்த வாயும் புதிதல்ல. டிராகன் பொம்மை என்றால் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள். சிரமமெல்லாம் இரண்டு ஊசியால் அதைப் பின்னுகிறவருக்குத்தான். பஞ்சு அடைக்கும்போது தெரியவரும் குறைகளில் பாதி, முதல் வரிசை போடும்போதே நடந்து முடிந்தவை.

பெரிய தவறு, ஊசியின் பருமன். நூல் பந்தின் சீட்டில் 4 மி.மீ. என்று போட்டிருந்தால் அது ஸ்வெட்டருக்கான அளவு. பொம்மைக்கு 2.75 அல்லது 3 மி.மீ. ஊசி எடுங்கள். 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி (பின்னல் வளையம்) தரும் நூல், இதில் 26 முதல் 28 கண்ணி தர வேண்டும். விரலகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, அதன் பின்னால் வெள்ளைப் பஞ்சை வைத்து, முற்றத்து வெளிச்சத்தில் இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். கண்ணிகளுக்கு நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் சிறிய ஊசிக்கு மாறுங்கள். உடம்பு முழுக்கப் பின்னிய பிறகு இதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

காரைக்குடி வெயிலுக்குப் பருத்தி நூல்தான் சுகம். ஆனால் பருத்திக்கு நெகிழ்வு குறைவு. பஞ்சின் அழுத்தத்தில் ஒருமுறை விரிந்த கண்ணி மீண்டும் சுருங்காது. ஆகவே பருத்தியில் கூடுதல் இறுக்கம் வேண்டும். கண்டாங்கிச் சேலை மாதிரி அரக்கு உடம்பும் மஞ்சள் வயிறும் வைக்க நினைத்தால், அரக்கு நூலில் ஒரு முழம் வெட்டி வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம். முதல் துவைப்பிலேயே மஞ்சள் கெட்டுவிடும்.

ஆச்சிமார் கொட்டான் என்னும் ஓலைக் கூடைக்குக் குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னல்) உறை போட்ட வீடுகளில் கைக்குப் பழக்கம் இருக்கும். நல்லதுதான். ஆனால் குரோஷாவில் ஊசியில் நிற்பது ஒரே கண்ணி; இரண்டு ஊசிப் பின்னலிலோ வரிசை முழுவதும் ஊசியில் நிற்கும். ஒன்று நழுவினால் ஏணிப்படி போலக் கீழ்வரை அவிழும். பதறி இழுக்காதீர்கள். அதே குரோஷா ஊசியால் கீழ்க்கண்ணியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிவிடலாம்.

முகத்தில் கண்ணி குறைக்கும்போது இருபுறமும் ஒரே முறையைச் செய்தால் மூக்கு கோணிப்போகும். இரண்டைச் சேர்த்துப் பின்னினால் சரிவு வலப்பக்கம் சாயும். மறுபுறத்தில் இரண்டு கண்ணிகளை ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு நழுவவிட்டு, பின்பக்கமாகச் சேர்த்துப் பின்னினால் இடப்பக்கம் சாயும். இறக்கைக்கு எல்லா வரிசையும் நேர்ப்பின்னல் போடுங்கள். ஒரு வரிசை நேர், ஒரு வரிசை பர்ல் (மறுபக்கப் பின்னல்) என்று போனால் ஓரம் சுருண்டுகொள்ளும். கால்கள் ஒரே நீளமாக வர, டேப்பால் அளக்காமல் வரிசையை எண்ணுங்கள்.

இலவம் பஞ்சு தலையணைக்கு உகந்தது, பொம்மைக்கு ஆகாது. மெல்லிய இழைகள் கண்ணி வழியே வெளியே வரும், துவைத்தால் கட்டிகட்டியாகும். பாலியஸ்டர் பஞ்சை நெல்லிக்காய் அளவுக்குப் பிய்த்து, முதலில் தலை, பிறகு கழுத்து என்று அடையுங்கள். கழுத்துதான் ஏமாற்றும் இடம். அடைத்ததும் நிமிர்ந்து நிற்கும். சில நாளில் பஞ்சு அமுங்கித் தலை தொங்கும். விரலால் அழுத்தினால் குழியாத அளவுக்குக் கெட்டியாக்குங்கள். கம்பி வைக்கவே வேண்டாம், நுனி துணியைத் துளைத்துப் பிள்ளையைக் குத்தும். வயிற்றை மட்டும் சற்றுத் தளர்வாக விடுங்கள். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கென்றால் பிளாஸ்டிக் கண் கூடாது; கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள்.

கால்களைத் தைக்கும் முன் குண்டூசியால் பொருத்தி, வழவழப்பான ஆத்தங்குடிக் கல் தரையில் நிறுத்திப் பாருங்கள். முன்னால் கவிழ்ந்தால் முன்கால்களை இரண்டு வரிசை முன்தள்ளுங்கள். கால்கள் வழுக்கி அகன்றால் அவற்றை வயிற்றின் நடுக்கோட்டுக்கு நெருக்குங்கள். நின்ற பிறகே தையல்; குண்டூசிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.