சென்னை பால்கனியில் ஆர்க்கிட் கன்றுகளைப் பாட்டிலிலிருந்து வெளியே எடுப்பது எப்படி

கூரியரில் வந்த கண்ணாடி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதுவரை ஆறு பாட்டில் பிரித்திருக்கிறேன். முதல் பாட்டிலில் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையின் 27 கன்றுகள் இருந்தன. ஒரே வாரத்தில் 22 அழுகிப் போயின. போன ஜனவரியில் பிரித்த பாட்டிலில் 30-க்கு 26 பிழைத்து, இப்போது தனித்தனித் தொட்டியில் நிற்கின்றன. இடையில் நான் மாற்றிக்கொண்டது முக்கியமாக இரண்டு விஷயம்: கழுவுவது, மூடி வைப்பது. அவற்றை விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

முதலில் பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில்கூட இருக்கும். ஆனால் நெல்லிலோ அவரையிலோ இருப்பதுபோல முளைக்குத் தேவையான சாப்பாடு அதற்குள் கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சை அந்தச் சாப்பாட்டைக் கொடுக்கிறது. பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த அகார் ஜெல்லியில் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று வரும் பாட்டில்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அதாவது உங்கள் கன்று நிற்பது சர்க்கரைப் பாகில். இது நினைவிருக்கட்டும், கழுவும்போது தேவைப்படும்.

எப்போது பிரிப்பது?

என் அனுபவத்தில் பொங்கல் கழிந்த கையோடு பிரிப்பதுதான் நல்லது. கத்திரி வெயில் வருவதற்குள் மூன்று மாதத்துக்கு மேல் கிடைக்கும், புது வேர் பிடித்துவிடும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் நான் பிரிப்பதில்லை.

பாட்டில் வந்ததும் உடைக்க ஓடாதீர்கள். வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் ஒரு வாரம் வைத்துப் பழக்குங்கள். வெயில் பட்டால் மூடிய பாட்டில் சில நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும். ஆனால் வழியில் குலுங்கி, ஜெல்லி கலங்கிக் கன்றுகள் தலைகீழாகக் கிடந்தால் அன்றைக்கே பிரித்துவிட வேண்டும்.

நடுவதற்கு என்ன வேண்டும்?

சிறு தேங்காய் மட்டைத் துண்டுகள், அடுப்புக்கரி, கொஞ்சம் ஸ்பாக்னம் பாசி. மட்டையை மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். முதல் நாள் டிக்காஷன் நிறத்தில் இறங்கும். மூன்றாம் நாள் வெளிறிவிட்டால் சரி. தொட்டிக்கு, அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளர்தான் என் தேர்வு. வேர் எப்படி இருக்கிறது, ஈரம் எங்கே நிற்கிறது என்று தோண்டாமலே பார்க்கலாம். மண் தொட்டி அழகுதான், ஆனால் இந்த வயதுக் கன்றுக்கு அது சீக்கிரம் காய்ந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். போர் தண்ணீரில் உப்பு அதிகம்; இரண்டே மாதத்தில் பாசியின் மேல் வெள்ளையாகப் படியும், வேர் நுனி கருகும். பிடித்து வைத்த மழைநீர் முதல் தரம், அடுத்தது ஆர்ஓ தண்ணீர்.

கழுவுவது

வாய் அகன்ற பாட்டில் என்றால், அறைச் சூட்டில் உள்ள தண்ணீரைப் பாதிவரை ஊற்றி, மெதுவாகச் சுழற்றி, ஒரு தாம்பாளத்தில் கவிழ்த்துவிடலாம். வாய் குறுகியது என்றால் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, சுத்தியலால் அடிப்பாகத்தில் ஒரே தட்டு. இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். குருத்து நசுங்கினால் கன்று போனதுபோலத்தான்.

அப்புறம் மூன்று கிண்ணத் தண்ணீர். முதல் கிண்ணத்தில் பெரிய ஜெல்லிக் கட்டிகளை உதிர்த்துவிடுங்கள். இரண்டாவதில் பத்து நிமிடம் ஊறட்டும். பின்னிக் கிடக்கும் வேர்கள் தாமாகவே தளரும். மூன்றாவதில்தான் உண்மையான வேலை. மேலே பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். ஆனால் வேர்கள் தண்டோடு சேரும் அந்தக் கவட்டையில், ஊறிய சப்ஜா விதை அளவுக்கு ஒரு துளி ஜெல்லி ஒட்டியிருக்கும். தண்ணீருக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாக வேரை லேசாக உருட்டிப் பாருங்கள். வழுக்கினால் ஜெல்லி இன்னும் இருக்கிறது, சொரசொரப்பாக இருந்தால் போய்விட்டது. மிருதுவான சிறிய பெயின்ட் பிரஷ் இதற்கு நல்ல துணை. ஒரு கன்றுக்கு இரண்டு நிமிடம் ஆனாலும் ஆகட்டும். அந்தத் துளியில் இருக்கும் சர்க்கரை, பூஞ்சைக்கு விருந்து. பாட்டிலுக்குள் கிருமியே இல்லை, வெளியே வந்த நிமிடத்திலிருந்து எல்லாம் உண்டு.

கழுவிய பிறகு, கார்பெண்டாசிமும் மான்கோசெபும் கலந்த பூஞ்சைக்கொல்லி (நான் சாஃப் வாங்குகிறேன்) லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் முக்கி எடுங்கள். அந்தக் கிண்ணம் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. பின் கன்றுகளைக் காகிதத்தில் பரப்பி, வேர் வெள்ளி நிறத்துக்கு மாறும்வரை ஆறவிடுங்கள்.

நடுவது எளிது. ஒரு டம்ளருக்கு ஐந்தாறு கன்று, பெரியவை ஒன்றாக, சிறியவை ஒன்றாக. வேரைச் சுற்றிக் கொஞ்சம் பாசி, மீதி மட்டையும் கரியும். குருத்து வெளியே தெரிய வேண்டும்.

மூடி வைப்பது

என் 22 கன்றுகள் போனது இங்கேதான். பாட்டிலுக்குள் ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். அதிலேயே வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகள் சரியாக மூடத் தெரியாதவை. சட்டென்று வெளிக்காற்றில் வைத்தால் வாடிவிடும். அதனால் மூடி வையுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நானும் மே மாதத்தில் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைத்தேன். நான்காம் நாள் தண்டின் அடி கண்ணாடிபோல ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் தொட்டதும் இலை கையோடு வந்தது. அந்த வாடை இன்னும் மறக்கவில்லை.

சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இங்கே கன்றைக் கொல்வது சூட்டோடு சேர்ந்த அசையாத காற்று. ஆகவே டம்ளர்களை வைக்கும் டப்பாவின் மூடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடுங்கள். முதல் வாரம் மூடி மேலே இருக்கட்டும். இரண்டாம் வாரம் ஒரு பென்சிலை இடையில் செருகி வையுங்கள். மூன்றாம் வாரம் பாதி திறப்பு, நான்காம் வாரம் மூடியே வேண்டாம். டப்பாவின் உட்சுவரில் நீர்த்துளி வழிந்தால் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் திறங்கள். இலை துவண்டால் கொஞ்சம் மூடுங்கள். அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றட்டும், கன்றின் மேல் நேராக அடிக்க வேண்டாம். தண்ணீர் காலையில் மட்டும் தெளியுங்கள்; பொழுது சாய்வதற்குள் இலை காய்ந்திருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்குக் கிழக்குப் பார்த்த பால்கனி போதும், 75 சதவீத ஷேட் நெட்டுக்குப் பின்னால். பச்சை நுனியோடு புது வேர் எட்டிப் பார்த்தால்தான் உரம். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம்) லிட்டருக்கு கால் கிராம், வாரம் ஒரு முறை. அதற்குமுன் உரம் கொடுத்தால் பழைய வேர் கருகும்.

பிறகு சேர்த்தது: ஏசி தண்ணீர் ஊற்றலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதில் உப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அது வரும் குழாய்க்குள் பாசியும் வழவழப்பும் படிந்திருக்கும். பெரிய செடிக்கு ஊற்றுங்கள், பாட்டிலிலிருந்து வந்த கன்றுக்கு வேண்டாம்.

இன்னொன்று: மழைக்காலத்தில் புது வேரின் பச்சை நுனி மட்டும் கடித்ததுபோலக் காணாமல் போகிறது என்று வேளச்சேரியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அது மிளகளவு குட்டி நத்தையின் வேலை, மட்டைக்குள் ஒளிந்திருக்கும். இரவில் ஒரு வெள்ளரித் துண்டை டம்ளர் மேல் வையுங்கள். விடிவதற்குள் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் அடியில் ஒட்டியிருக்கும், துண்டோடு எடுத்துவிடலாம். நான்கைந்து இரவு தொடர்ந்து வைக்க வேண்டும், முட்டை இருந்தால் திரும்ப வரும்.