ஒத்ததிர்வுத் தம்பம்: முதல் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள்

ஒத்ததிர்வுத் தம்பம் என்பது ஒலியின் வேகத்தை அளக்கும் ஆய்வுக்கூடக் குழாய்; நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி அதிலுள்ள காற்றின் நீளத்தை மாற்றலாம். வாய்க்கு மேலே பிடித்த இசைக்கவையின் (ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும் உலோகக் கவை) ஒலி சில நீளங்களில் மட்டும் உரக்கக் கேட்கும்; அதுவே ஒத்ததிர்வு. இப்படி அடிமுனை மூடிய குழாயில் முதல் ஒத்ததிர்வு கால் அலைநீளத்தில் வரும். ஆனால் எதிர்க்கணு, அதாவது காற்று மிக அதிகமாக அதிரும் இடம், குழாயின் வாயில் சரியாக உட்காராது. விட்டத்தில் சுமார் 0.3 பங்கு வெளியே தள்ளி நிற்கும். அதனால்தான் v = 4fl₁ (v ஒலியின் வேகம், f கவையின் அதிர்வெண், l₁ முதல் ஒத்ததிர்வு நீளம்) என்று போட்டால் விடை எப்போதும் குறைவாகவே வருகிறது.

30 டிகிரி செல்சியஸில், 3 செ.மீ. விட்டமுள்ள குழாயில், 512 ஹெர்ட்ஸ் இசைக்கவைக்கு l₁ ஏறக்குறைய 16.1 செ.மீ., இரண்டாம் ஒத்ததிர்வு நீளமான l₂ 50.2 செ.மீ. வர வேண்டும். முதல் நீளத்தை மட்டும் வைத்தால் நொடிக்கு 330 மீட்டர்; v = 2f(l₂ − l₁) என்றால் 349. கழிக்கும்போது முனைத்திருத்தம், அதாவது எதிர்க்கணு வெளியே தள்ளி நிற்கும் அந்தத் தூரம், தானாக அடிபட்டுப்போகும். (l₂ − 3l₁)/2 என்று அதைத் தனியே கணக்கிடலாம்தான், ஆனால் l₁-இல் 1 மி.மீ. பிசகினால் அதில் 1.5 மி.மீ. பிழை ஏறிவிடும்.

கவையை ரப்பர் கட்டையில் மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் கூர்மையான மேற்சுரம் (கவையின் அடிப்படை ஒலியைவிட உயர்ந்த அதிர்வெண்) கலந்து, இல்லாத இடத்தில் ஒத்ததிர்வு இருப்பதுபோல் கேட்கும். இரு புயங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, குழாயைத் தொடாமல், வாய்க்கு நேர்மேலே இருக்கட்டும். நீர்மட்டத்தை உச்சியிலிருந்து மெதுவாக இறக்குங்கள். பிறகு ஏற்றியும் பார்த்துச் சராசரி எடுங்கள். இரண்டாம் ஒத்ததிர்வின் ஒலி சற்று மங்கலாகத்தான் இருக்கும், விசிறியை நிறுத்திவிடுங்கள்.

256 ஹெர்ட்ஸ் கவைக்கு l₂ 101 செ.மீ.யைத் தாண்டும். ஒரு மீட்டர் குழாயில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.