ஜெய்ப்பூர் விளையாடுவது எப்படி? ரெண்டு பேர், 55 கார்டு, அரை மணி நேரம்

வீட்ல ரெண்டே பேர் இருக்கோம், என்ன விளையாடலாம்னு யாராவது கேட்டா நான் முதல்ல எடுத்து வைக்கிற பெட்டி ஜெய்ப்பூர் தான். ரம்மிக்கு நாலு பேர் இருந்தா தான் களை கட்டும், செஸ்னா பழகினவங்க கை தான் ஓங்கும், ஆனா இது ரெண்டு பேருக்குன்னே செஞ்ச ஆட்டம், புதுசா கத்துக்கறவங்க கூட ரெண்டாவது ரவுண்டுலயே சரிக்கு சரியா நிப்பாங்க. சுவிட்சர்லாந்துக்காரர் செபாஸ்டியன் போஷோன் உருவாக்கி 2009ல வெளிவந்தது.

கதை இது தான். நீங்களும் எதிராளியும் ஜெய்ப்பூர் வியாபாரிங்க. சரக்கு வாங்கி வித்து, ஒரு ரவுண்டு ஜெயிச்சா ஒரு முத்திரை, ரெண்டு முத்திரை யார் முதல்ல வாங்கறாங்களோ அவங்களுக்கு மகாராஜா அரண்மனைக்கு அழைப்பு. 1727ல ரெண்டாம் ஜெய்சிங் கட்டின ஊர் அது, அங்க இருக்கற ஜோஹரி பஜார்ல இன்னைக்கும் நகை வியாபாரம் தான், மரகதம் மாதிரி கலர் கல்லு பட்டை தீட்டறதுக்கு அவ்வளவு பேர் போன ஊர்.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு

கார்டு மொத்தம் 55. வைரம் 6, தங்கம் 6, வெள்ளி 6, துணி 8, மசாலா 8, தோல் 10, ஒட்டகம் 11. அப்புறம் சரக்குக்கு காசு மாதிரி டோக்கன் 38, அதுல எழுதியிருக்கறது தான் பாயிண்ட்:

வைரம்: 7, 7, 5, 5, 5
தங்கம்: 6, 6, 5, 5, 5
வெள்ளி: அஞ்சுமே 5
துணி, மசாலா ஒவ்வொண்ணுக்கும்: 5, 3, 3, 2, 2, 1, 1
தோல்: 4, 3, 2, அப்புறம் ஆறு தடவை 1

இது போக போனஸ் டோக்கன் மூணு வகை (3 கார்டு, 4 கார்டு, 5 கார்டு வித்தா கிடைக்கறது), 5 பாயிண்ட் உள்ள ஒட்டக டோக்கன் ஒண்ணு, முத்திரை மூணு. வாங்கறதுக்கு முன்னாடி ஆடிப் பாக்கணும்னா பழைய விசிட்டிங் கார்டு பின்னாடி எழுதியே ஒரு செட் செஞ்சுடலாம், நான் அப்படித்தான் முதல்ல ஆடினேன்.

அடுக்கி வைக்கறது

ஒவ்வொரு சரக்கு டோக்கனையும் பெரிய நம்பர் மேல வர்ற மாதிரி அடுக்குங்க. போனஸ் டோக்கனை வகைவாரியா கலைச்சு, நம்பர் தெரியாம கவுத்து வைங்க. ஒட்டகம் 3 எடுத்து நடுவுல திறந்து வைங்க, மீதி கார்டை நல்லா கலைச்சு ஆளுக்கு 5 கொடுங்க, கட்டுல இருந்து இன்னும் 2 எடுத்து அந்த மூணு ஒட்டகத்துக்கு பக்கத்துல திறந்து வைங்க. இந்த அஞ்சு கார்டு தான் மார்க்கெட். உங்க கைல ஒட்டகம் வந்திருந்தா உடனே எடுத்து முன்னாடி தனியா வெச்சுடுங்க, அது உங்க மந்தை. ஒட்டகம் எப்பவுமே கைல இருக்காது, கை கணக்குலயும் சேராது.

உங்க முறை வந்தா

ஒண்ணு எடுக்கணும், இல்ல விக்கணும். ரெண்டும் ஒரே முறைல முடியாது.

எடுக்கறதுல மூணு வழி. மார்க்கெட்ல இருந்து ஒரே ஒரு சரக்கு எடுத்துக்கலாம், காலியான இடத்துல கட்டுல இருந்து புது கார்டு வரும். இல்லேன்னா மார்க்கெட்ல இருக்கற ஒட்டகம் எல்லாத்தையும் மொத்தமா ஓட்டிட்டு போகலாம், ஒண்ணு மட்டும் வேணும்னு எடுக்க முடியாது, அத்தனை இடத்துலயும் புது கார்டு வரும். மூணாவது பண்டமாற்று: ரெண்டோ அதுக்கு மேலயோ சரக்கு எடுத்துட்டு அதே எண்ணிக்கைல உங்க கைல இருந்தோ மந்தைல இருந்தோ ரெண்டுலயும் கலந்தோ திருப்பி வைக்கணும். தோல் கொடுத்து தோல் எடுக்கக்கூடாது, பண்டமாற்றுல ஒட்டகத்தை எடுக்கவும் கூடாது. கைல 7 கார்டுக்கு மேல இருக்கக்கூடாதுங்கறது எப்பவும் ஞாபகம் இருக்கட்டும்.

விக்கறது சுலபம். ஒரே வகை சரக்கு, எத்தனை வேணா கீழ போடுங்க, அத்தனை டோக்கன் மேல இருந்து எடுத்துக்கோங்க. வைரம், தங்கம், வெள்ளி மட்டும் கடைசி டோக்கனா இருந்தாலும் குறைஞ்சது ரெண்டா தான் விக்கணும். 3 வித்தா போனஸ் 1ல இருந்து 3 வரைக்கும், 4 வித்தா 4ல இருந்து 6, 5 அல்லது அதுக்கு மேல வித்தா 8ல இருந்து 10. டோக்கன் பத்தலேன்னாலும் போட்ட கார்டு எண்ணிக்கைக்கு போனஸ் உண்டு.

ஒரு முறை ஆடிப் பாப்போம்

உங்க கைல தோல் 2, துணி 2, மசாலா 1. மந்தைல ஒட்டகம் 1. மார்க்கெட்ல தோல் 2, வைரம் 1, மசாலா 1, ஒட்டகம் 1. புதுசா ஆடறவங்க கை நேரா வைரத்துக்கு தான் போகும். ஆனா ஒத்தை வைரத்தை விக்க முடியாது, இன்னொண்ணு வர்ற வரைக்கும் அது கைல ஒரு இடத்தை அடைச்சுட்டு உக்காந்திருக்கும். நான்னா ரெண்டு தோலையும் எடுத்துட்டு ஒரு துணியும் அந்த ஒட்டகத்தையும் வைப்பேன். இப்ப கைல தோல் 4, அடுத்த முறை வித்தா 4+3+2+1 சேர்ந்து 10, போனஸோட 14ல இருந்து 16 வரைக்கும் வரும், அதுவும் ஆட்டத்துலயே மலிவான சரக்குக்கு! இதுல இன்னொரு லாபம், பண்டமாற்று பண்ணா மார்க்கெட்டுக்கு புது கார்டு எதுவும் வராது, எதிராளிக்கு நீங்க எதையும் திறந்து காட்டல.

நேரம் தான் ஆட்டமே

எனக்கு இந்த ஆட்டம் இவ்வளவு பிடிக்கறதுக்கு காரணமே இந்த இழுபறி தான். சீக்கிரம் வித்தா பெரிய நம்பர் டோக்கன் உங்களுக்கு, காத்திருந்தா பெரிய போனஸ், ஆனா காத்திருக்கற நேரத்துல எதிராளி ஒரே ஒரு மசாலாவை போட்டு அந்த 5ஐ தூக்கிட்டு போயிடுவாங்க. வைரம், தங்கம் ரெண்டு சேர்ந்ததும் பெரும்பாலும் வித்துடுங்க, ரெண்டு வைரம் முதல்ல வித்தாலே 14. தோலை மட்டும் பொறுமையா சேருங்க, அதுல முதல் மூணு டோக்கன் போனா மீதி எல்லாம் 1 தான், போனஸ் இல்லாம அதுல ஒண்ணும் தேறாது.

ஒட்டகம் பத்தி கொஞ்சம் கூட சொல்லியே ஆகணும், நிறைய பேர் இங்க தான் தோக்கறாங்க. ஒட்டகத்தை விக்க முடியாதுங்கறதால கண்டுக்காம விட்டுடறாங்க. மந்தை காலியா இருந்தா பண்டமாற்றுக்கு கைல இருக்கற நல்ல சரக்கை தான் கொடுக்க வேண்டி வரும். அதுக்காக மார்க்கெட்ல நாலு ஒட்டகம் நிக்குதுன்னு ஆசைப்பட்டு ஓட்டிட்டு வந்தா நாலு புது கார்டு திறக்கும், அதுல முதல்ல கை வைக்கறது எதிராளி. அவங்க கைல ஏற்கனவே 7 இருக்கும்போதோ மந்தைல ஒட்டகம் இல்லாதப்போவோ எடுத்தா அந்த பயம் கம்மி. அதனால ஒவ்வொரு தடவையும் எடுக்கறதுக்கு முன்னாடி எதிராளி கைல எத்தனை கார்டுன்னு ஒரு பார்வை பாத்துக்கோங்க.

ரவுண்டு முடியறது

மூணு வகை சரக்கு டோக்கன் தீர்ந்துட்டாலோ, மார்க்கெட்டை நிரப்ப கட்டுல கார்டு இல்லேன்னாலோ ரவுண்டு அங்கேயே முடிஞ்சுது. கைல இருக்கற விக்காத சரக்குக்கு ஒரு பாயிண்ட் கூட கிடையாது, அதனால ரெண்டு வகை தீர்ந்ததும் சேர்க்கறதை நிறுத்திட்டு விக்க ஆரம்பிங்க. மந்தை பெருசா இருக்கறவங்களுக்கு ஒட்டக டோக்கன், சமமா இருந்தா யாருக்கும் இல்ல. பாயிண்ட் அதிகம் உள்ளவங்களுக்கு முத்திரை, அதுவும் சமம்னா போனஸ் டோக்கன் எண்ணிக்கை யாருக்கு அதிகமோ அவங்களுக்கு. தோத்தவங்க அடுத்த ரவுண்டை ஆரம்பிக்கணும்.

புதுசா யாருக்காவது சொல்லித் தரும்போது முதல் ரவுண்டுல ரெண்டு பேரும் கார்டை திறந்து வெச்சே ஆடுங்க, நான் ஏன் இப்ப விக்கறேன், ஏன் அந்த ஒட்டகத்தை விட்டேன்னு வாய்விட்டு சொல்லிக்கிட்டே. அந்த ரவுண்டுக்கு முத்திரை வேண்டாம், ரெண்டாவதுல இருந்து எண்ணிக்கலாம்.